ஓடும் நிலையில் ஒரு பெட்டி

சாட்சிப் பொருள் அறைக்குள்ளிருந்து மறுபடியும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். ஏட்டம்மா பேனாவை மேஜைமேல் பொத்தென்று போட்டாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

முப்பத்தோரு வருஷ சர்வீஸில் அந்த அறைக்குள் எத்தனையோ சாமான் வந்து போயிருக்கிறது. கத்தி, கடப்பாரை, களவு போன சைக்கிள், ஒரு தடவை நிலையோடு சேர்த்து முழுசாக ஒரு கதவு. எதுவும் அவளைக் கூப்பிட்டதில்லை. சீட்டு ஒட்டி, நம்பர் போட்டு, அலமாரியில் ஏற்றிவிட்டால் கோர்ட் கேட்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் கிடக்கும். சாட்சிப் பொருள் என்றால் அதுதானே லட்சணம்? இந்தப் பெட்டி நேற்று, திங்கட்கிழமை மத்தியானம்தான் வந்தது. வந்த நிமிஷத்திலிருந்து உறுமிக்கொண்டே இருக்கிறது. பச்சை விளக்கைச் சிமிட்டுகிறது. இப்போது கூப்பிடவும் ஆரம்பித்துவிட்டது.

தலைமையகத்துக் கம்ப்யூட்டர் நிபுணருக்குப் போனைப் போட்டாள்.

"தம்பி, ஸ்டேஷன்லேருந்து ஏட்டம்மா பேசறேன். பொருள் ரூம் என் பொறுப்பு. நேத்து எங்க இன்ஸ்பெக்டர் புடிச்சிட்டு வந்தாரே ஒரு பெட்டி, அது கத்துது."

"கத்துதா? எத்தனை தடவை மேடம்?"

"மூணு."

அந்தப் பக்கம் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது.

"ஓடுங்க மேடம்! ஸ்கிரீன்ல யாராவது எதாவது கேட்டிருப்பான். உடனே பதில் போடுங்க!"

"யாரு கேட்டிருப்பான்?"

"வாடிக்கையாளர்!"

இன்டர்நெட்டில் வெளிச்சம் படாத மூலை ஒன்று இருக்கிறதாம். டார்க் வெப் என்கிறார்கள். போலிச் சான்றிதழ் விற்கிறவன், திருட்டு கார்டு நம்பர் விற்கிறவன், டாக்டர் கையெழுத்தைத் தானே போட்டு மருந்துச் சீட்டு விற்கிறவன், எல்லாரும் அங்கேதான் கடை விரித்திருக்கிறார்கள். கடை என்றால் அதற்கு இடம் வேண்டுமே? அந்த இடத்தை வாடகைக்கு விட ஒரு ஆள் வேண்டுமே? அந்த ஆளைத்தான் இன்ஸ்பெக்டர் ஒரு குடியிருப்பின் நாலாவது மாடியில் போய்ப் பிடித்தார். நாற்பத்தைந்து கடையும் இந்த ஒரே பெட்டிக்குள். அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டிக்கொள்ளும் என்று, பேட்டரியோடு சேர்த்து, ஓடுகிற நிலையிலேயே நாலு போலீஸ்காரர்கள் மாடிப்படியில் இறக்கினார்கள். நோயாளியைக்கூட அவ்வளவு பதமாக யாரும் இறக்கியிருக்க மாட்டார்கள்.

நீதிபதியும் வழக்கம்போல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். 'கைப்பற்றிய நிலையிலேயே, நிலை மாறாமல் பாதுகாக்கவும்.' கத்தியானால் துருப்பிடிக்காமல், துணியானால் பூச்சி அரிக்காமல் என்று நினைத்து எழுதியிருப்பார். பெட்டி கைப்பற்றப்பட்ட நிலை என்ன? ஓடிக்கொண்டிருந்த நிலை. அதற்குக் கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டது யார்? ஏட்டம்மா.

"அந்த ஆளு ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கான் மேடம்," என்று நிபுணர் மூச்சு வாங்கினார். "தொடர்ந்து மூணு பேருக்குப் பதில் போகலைன்னா, ஓனரைப் போலீஸ் புடிச்சிடுச்சுன்னு பெட்டி முடிவு பண்ணிடும். இருபது நிமிஷம் பாக்கும். அப்புறம் எல்லாத்தையும் தானே அழிச்சிடும்."

"அழிஞ்சா?"

"கேஸ் இல்ல. பெட்டி உங்க கையெழுத்துல இருக்கறப்ப அழிஞ்சுதுன்னா விசாரணை உங்க மேல."

ஏட்டம்மா ஓடினாள். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. திரையில் 'வெள்ளைப் பல்லி' என்ற பேரில் ஒருத்தன் எழுதியிருந்தான்: "என் கடை காலைலேருந்து திறக்கல. ஆள் இருக்கீங்களா, போய்ச் சேந்துட்டீங்களா?"

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள். "இருக்கிறேன். கொஞ்சம் பொறு."

பெட்டி சாந்தமானது. நிபுணர் போனிலேயே சொன்னார். "கைதி ஒரு நோட்டு குடுத்திருக்கான் பாருங்க, அதுல எப்படித் திறக்கறதுன்னு இருக்கும்."

இருந்தது. நாற்பது பக்கம், மணி மணியான கையெழுத்து, முன்னால் பொருளடக்கம் வேறு. கதவைத் திறந்ததுமே பயந்துபோய் நோட்டை நீட்டிவிட்டான் என்று இன்ஸ்பெக்டர் பெருமையாகச் சொல்லியிருந்தார். முதல் பக்கத்திலேயே இருந்தது: 'சேவை நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. ஞாயிறு உண்டு. விடுமுறை கிடையாது.'

"ஏன் தம்பி, போலிச் சான்றிதழ் விக்கிறவன் கடையை நானே திறந்து விடறதா? இதுக்கா சம்பளம் வாங்கறேன்?"

"நாலே நாள் மேடம். வர்றவன் போறவன் எல்லாம் பதிவாகும், நமக்கும் நல்லது. வெள்ளிக்கிழமை நானே வந்து பெட்டியை வாங்கிக்கறேன்."

வெள்ளிக்கிழமை என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. ஏனென்றால் சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவளுக்குப் பஸ்.

அவள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் டிரைவர். மலைமேல் இருக்கிற ஏரிக்கரை ஊருக்கு ஜனங்களை ஏற்றிக்கொண்டு போவார். இறக்கி விடுவார். காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே வருவார். ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை. ஏரியைக் கண்ணாடியில் பார்த்ததோடு சரி. கல்யாணமான புதிதில் போகலாம் என்று கிளம்பினார்கள். பொருள் அறையில் ஒரு அரிவாளைக் காணோம் என்று ஆள் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நாலு தடவை பெட்டி கட்டி, நாலு தடவையும் அவிழ்த்தாயிற்று. இப்போது அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். பத்து நாளைக்கு ரூம் போட்டு, ஜன்னலோரமாக இரண்டு சீட்டும் வாங்கிவிட்டார்.

மத்தியானம் போன் வந்தது.

"பச்சை ஸ்வெட்டர் எடுத்து வைக்கட்டுமா, ஊதாவா?"

"எதையாவது வைங்க. இங்க ஒருத்தன் கடை சாத்திக்கிச்சுன்னு உயிரை எடுக்கறான்."

"உனக்கு எதுக்குடி கடை?"

"அதைச் சொன்னா உங்களுக்குப் புரியாது. எனக்கே இன்னும் புரியல."

"இந்தா பாரு." அவர் குரல் இறங்கியது. "இந்தத் தடவையும் வரலைன்னு சொன்னே, நான் சண்டை போட மாட்டேன். எங்கண்ணனைக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அந்த மூத்தார் பஸ் ஏறின பத்தாவது நிமிஷம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிற ஆள். முப்பது வருஷமாக இந்த மனுஷன் மனசில் வைத்திருக்கிற ஏரிக்குப் பக்கத்துச் சீட்டில் குறட்டையா?

லீவு விண்ணப்பத்தில் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: 'பெட்டி ஒப்படைக்கப்பட்டதும்.'

புதன்கிழமை காலையில் வந்து பார்த்தால் திரை நிறைய அஞ்சு நட்சத்திரம். வெள்ளைப் பல்லி எழுதியிருந்தான்: 'ஆறு வருஷத்தில் முதல் முறையாக மனுஷன் மாதிரி பதில் வந்தது. எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன்.' நாற்பத்தைந்து கடை ஐம்பத்திரண்டு ஆகியிருந்தது.

டொய்ங். டொய்ங். டொய்ங்.

"கருமம், இது என்ன அநியாயம்?" என்று அவள் தலையில் கை வைத்தாள். ஒருத்தனுக்குப் பதில் போட்டு முடிப்பதற்குள் இன்னொருத்தன். கேள்வி ஒவ்வொன்றும் பல்லைக் கடிக்க வைத்தது. 'டாக்டர் ஒன்பது' என்று ஒருத்தன், தன் கடைப் பலகையின் எழுத்தை நீலத்தில் மாற்றித் தரச் சொன்னான். 'நிழல் ராஜா' தன் பாஸ்வேர்டை மறந்துவிட்டானாம். உலகத்தையே ஏமாற்றுகிறவனுக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை.

இவர்களை மரியாதையாக நடத்தினால்தானே கூட்டம் சேருகிறது? முகத்தில் அடிக்கிற மாதிரி பேசினால் ஒவ்வொருத்தனாகக் கழன்றுகொள்வான், பெட்டியும் ஓய்ந்துபோகும் என்று கணக்குப் போட்டாள். முகத்தில் அடிக்கிற மாதிரி பேச அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டேஷன் கவுண்டரில் ஆறு வருஷம் உட்கார்ந்தவள்.

நிழல் ராஜாவுக்கு எழுதினாள்: "போன வாரமும் இதையே கேட்டிருக்கே. தலைக்குள்ள என்னதான் வச்சிருக்கே? ஒரு பேப்பர்ல எழுதி வை. இன்னொரு தடவை கேட்டே, கடையைப் புடுங்கி வெளிய போட்டுடுவேன்."

டாக்டர் ஒன்பதுக்கு எழுதினாள்: "நீலமும் கிடையாது, பச்சையும் கிடையாது. இருக்கறதை வச்சுப் பொழைக்கற வழியைப் பாரு."

ஒருத்தன் மூன்று தடவை ஒரே கேள்வியை அனுப்பினான். அவனுக்கு: "வாசல்ல நின்னு கத்தாதே. வரிசையில வா."

அரைமணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. ஏட்டம்மா நாற்காலியில் சாய்ந்து, ஊதா ஸ்வெட்டரே எடுத்து வைக்கச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தாள்.

டொய்ங்.

நிழல் ராஜா. "எழுதி வச்சுட்டேம்மா. மன்னிச்சிடுங்க."

டொய்ங். டாக்டர் ஒன்பது. "நீங்க சொன்னதை யோசிச்சுப் பாத்தேன். கறுப்பே நல்லாத்தான் இருக்கு."

கீழே அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பகுதி ஒன்று இருந்தது. அதில் ஒருத்தன் எழுதியிருந்தான்: 'தேனொழுகப் பேசறவனை நம்பிப் போன வருஷம் ரெண்டு இடத்துல ஏமாந்தேன். இந்தம்மா திட்டறாங்க பாரு, இவங்கதான் நேர்மையானவங்க.' அதற்குக் கீழே பதினெட்டு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணிப் பார்த்தாள். எழுபத்தொன்று.

அன்றைக்கு வீட்டில் பருப்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிற ஜனங்களை எது விரட்டும்? திட்டு விரட்டாது. திட்டு வாங்கினவன் நாளைக்கும் வருவான். விண்ணப்பப் படிவம் ஒன்றுதான் விரட்டும். சைக்கிள் தொலைந்துபோனது என்று அழுதுகொண்டே வருகிறவன், நாலு பக்கத்துப் படிவத்தைப் பார்த்ததும் சைக்கிளே வேண்டாம் என்று நடந்து போயிருக்கிறான். அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அதிலும் இவர்கள் முகத்தை மறைத்து வாழ்கிற கூட்டம். பேரும் ஊரும் கேட்டால் தெறித்து ஓட மாட்டார்களா?

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு எல்லாக் கடைக்கும் ஒரு அறிவிப்பு பறந்தது. 'இனிமேல் புகார் எதுவானாலும் படிவத்தில் மட்டுமே. பெயர், அப்பா பெயர், வயது, முழு முகவரி, வீட்டுக்கு அருகில் உள்ள அடையாளம். கோடிட்ட இடங்களைக் காலியாக விடக் கூடாது. அரைகுறைப் படிவம் நிராகரிக்கப்படும்.'

பெட்டி மௌனமானது. ஒன்பதரை. பத்து. அப்பாடா என்று எழுந்து ஜன்னலைத் திறந்து விட்டாள். கடங்காரப் பயல்கள், ஓடிவிட்டார்கள்.

பத்தேகாலுக்கு டொய்ங்.

வெள்ளைப் பல்லி படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பியிருந்தான். பெயர், அப்பா பெயர், வயது முப்பத்துநாலு, கதவு எண், தெரு. அடையாளம்: தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, மஞ்சள் கேட். கீழே ஒரு வரி: 'அப்பா பெயருக்கு முதலெழுத்துப் போதுமா, முழுசாக எழுதணுமா?'

ஏட்டம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்ததிலிருந்து கோடிட்ட இடத்தைப் பார்த்தால் நிரப்பிப் பழகின கை. மூளை தடுப்பதற்கு முன்னாலேயே எழுதிவிட்டது. கை சும்மா இருக்காமல் அவளும் பழக்கதோஷத்தில் பதில் போட்டாள்: "முழுசா எழுது."

முழுசாக எழுதி அனுப்பினான்.

அவள் மறைக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். ஆனால் பெட்டியில் வருவதெல்லாம் தலைமையகத்திலும் தெரியும். இன்ஸ்பெக்டர் தொப்பியைக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"ஏட்டம்மா! என்ன பண்ணீங்க?"

"படிவம் அனுப்பினேன் சார்."

"மூணு நாட்டுப் போலீஸ் நாலு வருஷமாத் தேடற ஆளு அவன்! மஞ்சள் கேட்டாம்ல!"

மத்தியானத்துக்குள் வெள்ளைப் பல்லி உள்ளே. மூன்று மணிக்கு இன்னும் ரெண்டு பேர் படிவம் நிரப்பினார்கள். நாலு மணிக்கு நாலு பேர். பிடிபட்டவன் வந்து சொல்லப் போவதில்லையே? மிச்சம் இருந்தவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். 'படிவம் குடுத்தவங்களுக்கெல்லாம் தனி கவனிப்பாம். வேற இடத்துக்கு மாத்திட்டாங்களாம்' என்று ஒருத்தன் கிளப்பிவிட்டான். பொய் என்று சொல்ல முடியாது. 'எனக்கு மட்டும் ஏன் படிவம் திறக்க மாட்டேங்குது? நான் பழைய வாடிக்கை' என்று டாக்டர் ஒன்பது அழுதான். புதுசாக முப்பது பேர் வாசலில் காத்திருந்தார்கள்.

ஐந்தரைக்குப் பெரிய அதிகாரியே போனில் வந்தார். ஏட்டம்மா நின்றுகொண்டு பேசினாள்.

"அம்மா, என் சர்வீஸ்ல இப்படி ஒரு வேலையைப் பாத்ததில்ல. ஒரே நாள்ல ஏழு பேரு."

"நன்றி ஐயா. நாளைக்கு நிபுணர் தம்பி வந்து பெட்டியை வாங்கிக்கறதாச் சொன்னாரு. சனிக்கிழமை எனக்கு லீவு…"

"பெட்டியை யாரும் வாங்கப் போறதில்ல. அது அங்கயே இருக்கட்டும். நீங்களும் அங்கயே இருங்க. ஒரு மூணு மாசம்."

"ஐயா, பஸ் டிக்கெட் எடுத்தாச்சு."

"டிக்கெட்டா?" என்று சிரித்தார் அவர். "உங்களுக்குப் பதக்கமே வாங்கித் தர்றேம்மா!"

போனை வைத்ததும் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அலமாரியில் இருந்த கடப்பாரைமேல் கண் போனது. சீட்டு ஒட்டிய சாமான். அதையும் நிலை மாறாமல்தான் பாதுகாக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் இன்ஸ்பெக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பத்து நாளைக்கு நீங்க உக்காருங்க. நான் சொல்லித் தர்றேன். நோட்டு இருக்கு, எல்லாம் அதுலயே இருக்கு."

அவருக்கும் உள்ளூர ஆசைதான். ஏழு பேரைப் பிடித்த புகழில் கொஞ்சம் தன் பக்கம் வரட்டுமே. "அதுல என்ன இருக்கு ஏட்டம்மா, ஒரு பதில் போடத் தெரியாதா எனக்கு? மூணு மாசமா வலை விரிச்சு இந்தப் பெட்டியையே கண்டுபிடிச்சவன் நான். எப்படின்னு மட்டும் கேக்காதீங்க, அது ரகசியம். நீங்க வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டுங்க."

அவள் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கி, தெருமுனை பஸ் ஸ்டாப்பில் அரைமணிகூட நின்றிருக்க மாட்டாள். ஒரு கான்ஸ்டபிள் ஓடி வந்தான்.

"ஏட்டம்மா! சிவப்பு விளக்கு எரியுது! சார் வேர்த்து வழியறாரு!"

திரும்பி ஓடினாள். இன்ஸ்பெக்டர் எழுதியது திரையில் அப்படியே இருந்தது: 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, வணக்கம். தங்கள் மேலான புகார் பெறப்பட்டது. தங்களுக்கு உதவுவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.'

அதற்குக் கீழே வரிசையாகப் பதில்கள். 'யாருடா இது?' 'அம்மா எங்க?' 'என்னமோ மரியாதையாப் பேசறான், எனக்குப் பயமா இருக்கு.' 'அம்மா வர்ற வரைக்கும் யாரும் பேசாதீங்க.'

"என் பதிலைப் பதிலாவே எடுத்துக்க மாட்டேங்குது ஏட்டம்மா," என்றார் இன்ஸ்பெக்டர் பரிதாபமாக. "அவனுங்க பதில் வரலைன்னு திருப்பி அனுப்பிட்டா அது கணக்குல வராதாம். இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு!"

ஏட்டம்மா அவரை நாற்காலியோடு நகர்த்திவிட்டு ஒற்றை விரலால் தட்டினாள். "இங்க என்ன சத்தம்? அஞ்சு நிமிஷம் வெளிய போக முடியாதா நான்? போய் அவனவன் வேலையைப் பாருங்க!"

அத்தனை பேரும் ஒரே மூச்சில் 'சரிம்மா' என்றார்கள். பச்சை விளக்கு வந்தது.

வாசல் பெஞ்சில் அவள் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு ஸ்வெட்டர். எதை எடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் கொண்டுவந்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப அண்ணனுக்குப் போன் பண்ணிடட்டுமா?"

"கொஞ்சம் இருங்க."

"இருக்கேன். என்ன, முப்பது வருஷம் இருந்தாச்சு." கோபமே இல்லாமல் சொன்னார். பச்சை ஸ்வெட்டரை மடித்து, அவிழ்த்து, மறுபடியும் மடித்தார். "ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு சாலை போகுது. எங்க போகுதுன்னு தெரியாது. பஸ் அந்த வழியாப் போகாது. உன்னோட நடந்து பாக்கலாம்னு இருந்தேன்."

ஏட்டம்மாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நிபுணர்மேல், பெரிய அதிகாரிமேல், நீதிபதியின் அந்த ஒரு வரிமேல், மன்னிப்புக் கேட்கிற அந்த நிழல் ராஜாமேல், எல்லார்மேலும். நேராக லாக்கப் பக்கம் நடந்தாள். இந்த வினையை இழுத்து வைத்தவன் அங்கேதானே இருக்கிறான்.

கைதியைத் திங்கட்கிழமை கொண்டுவந்தபோது பார்த்திருக்கிறாள். நாற்பது வயசு, காய்ந்த முருங்கைக்காய் மாதிரி உடம்பு, கண்ணுக்குக் கீழே கரி அப்பின மாதிரி இருக்கும். இப்போது பாயில் மல்லாந்து படுத்து, அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கன்னம்கூட லேசாக உப்பியிருந்தது.

"வந்ததுலேருந்து இதே தூக்கந்தான் ஏட்டம்மா," என்றார் காவலுக்கு நின்றவர். "சாப்பாட்டுக்கு எழுப்பினா எந்திரிப்பான். ஜாமீன் எடுக்க வக்கீல் வந்தாரு, அவசரமில்லன்னு திருப்பி அனுப்பிட்டான்."

ஏட்டம்மா கம்பியைத் தட்டினாள். "ஏம்ப்பா, எந்திரி."

அவன் எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கி, அவளைப் பார்த்துப் புன்னகை செய்தான். விருந்தாளியைப் பார்த்த மாதிரி.

"நீங்கதானா அந்தம்மா? எல்லாரும் சரிம்மா சரிம்மாங்கறாங்களாமே. எங்கிட்ட ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. வெள்ளைப் பல்லி என்னைக் கேக்காத கேள்வி இல்ல. எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்பகூட, கட்டில் பக்கத்துல உக்காந்து அவனுக்குப் பதில் போட்டேன்."

"நின்னு கேக்க நேரமில்ல. அடுத்தவன் கூப்பிடறதுக்குள்ள போகணும். கடையை மூடித் தொலைச்சிருக்கலாமில்ல நீ?"

"மூடினா விடுவாங்களா? நாற்பத்தஞ்சு பேரும் தேடி வந்து கையை ஒடிச்சிடுவாங்கம்மா. எல்லாரும் எப்பேர்ப்பட்டவங்க!"

"சரி, அதை விடு." அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குரல் தானாகக் கெஞ்சியது. "ஆறு வருஷம் இதை நடத்தியிருக்கே. உனக்கும் ஒரு நாள் கிழமை, ஊர் உறவுன்னு இருந்திருக்குமில்ல? லீவு வேணும்னா என்ன பண்ணுவே? யார் தலையில கட்டிட்டுப் போவே? அந்த ஆளு பேரை மட்டும் சொல்லு, நான் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துடறேன்."

உள்ளே டொய்ங் என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கைதி உடம்பெல்லாம் ஒரு முறை சிலிர்த்து, அது தனக்கில்லை என்று ஞாபகம் வந்து, மறுபடியும் பாயில் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டான்.

"ஆறு வருஷமாத் தேடியும் அப்படி ஒரு ஆளு கிடைக்கலம்மா, அதான் போன வாரம் நானே உங்க ஸ்டேஷனுக்குப் போன் போட்டு என் விலாசத்தைச் சொன்னேன்… நீங்க வேணா பக்கத்து ஸ்டேஷனுக்குப் போட்டுப் பாருங்களேன்."